மலைதோறும் ஒரு திருப்பெயர்



நாள்தோறும் நாம் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய ஐவகைப் பரமேட்டிகளையும் அம்மந்திரத்தால் வணங்குகின்றோம். அதன் 35 எழுத்துகளுள் எவருடைய பெயரேனும் உண்டோ? ஆதிபகவனின் பெயர் இல்லை. வர்த்தமான மகாவீரரின் பெயரும் இல்லை. வினையை வென்ற நிலை வணங்கப்படுகின்றது. ஒழுகிக் காட்டிய குணம் வணங்கப்படுகின்றது. நம்முடைய தலையாய மந்திரம் எவர் பெயரையும் சொல்லாமலே நிறைவு பெறுகின்றது.

அவ்வாறாயின் ஓர் ஐயம் எழும். பெயருக்கு இத்துணைச் சிறிய இடம் தரும் நெறியில் நின்ற ஒரு துறவியின் பெயர், வடக்கே வள்ளிமலை முதல் தெற்கே ஏர்வாடி வரை மலைதோறும் வெட்டப்பட்டிருப்பது எதனால்? உடுத்த ஆடையையும் துறந்தவர் பெயரை மட்டும் துறவாமல் வைத்துக்கொண்டாரோ? அத்திருப்பெயர் அச்சணந்தி என்பது. அப்பெயரின் வழியே நடந்து சென்று, நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் வரை வந்து சேர்வதே இவ்வுரையின் நோக்கம்.

மகப்பேறு வாய்த்த இல்லத்தார் நம்மிடம் வந்து, "நல்ல ஜைனப் பெயராகச் சொல்லுங்கள், ஆனால் வேறு எவரும் வைத்திராத பெயராக இருக்கட்டும்" என்று கேட்பது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. அவர்கள் ஆசையில் குற்றம் இல்லை. எனினும், பலர் தாங்கிய பெயரைத் தாங்குவதில் ஒரு பேறு உண்டு என்பதை அச்சணந்தியின் வரலாறு காட்டும்.

பெயரின் பொருள்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம். வடமொழியில் 'ஆரிய' என்னும் மதிப்புச் சொல் பிராகிருதத்தில் 'அஜ்ஜ' என்றாகும். அதுவே தமிழ் ஒலிமரபில் 'அச்ச' என நின்றது. 'நந்தி' என்பது நம் முனிவர் மரபில் பெயரின் ஈறாக வருவது. மதுரையில் கி.பி. 470இல் திராவிட சங்கத்தை நிறுவியவராகத் தரிசனசாரம் கூறும் வச்சிரநந்தியும், நன்னூல் அருளிய பவணந்தியும் அவ்வீறு பெற்றவர்களே. ஆரியநந்தி என்பதே அச்சணந்தி ஆயிற்று. இங்கே அச்சம் என்னும் சொல்லுக்கு இடமில்லை. மதிப்புக்குரிய பெரியோர் என்பதே கருத்து.

இப்பெயர் தாயும் தந்தையும் தொட்டிலில் இட்ட பெயரன்று என்பதும் இதனால் விளங்கும். தீக்கை பெறும் வேளையில் ஆசாரியர் வழங்கும் பெயர் இது. முன்னோர் ஒருவர் ஒழுகிக் காட்டிய வழியில் நீயும் ஒழுகுக என்று கையில் தரப்படும் பொறுப்பு அது.

கருநாடக நாட்டு ஜைன மரபிலும் இப்பெயர் ஒளிவிடுகின்றது. சட்கண்டாகமத்துக்கு 'தவளா' என்னும் பேருரை வரைந்த வீரசேனாசாரியர், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நூலை முடித்தபோது, தம் குருவாக ஆரியநந்தியைக் குறித்தார். வீரசேனரின் மாணவர் ஜினசேனர். அவர் மாணவர் குணபத்திரர். மகாபுராணம் இவ்விருவரால் நமக்குக் கிடைத்தது. மூடபித்ரியில் நூற்றாண்டுகளாக ஓலையில் காக்கப்பட்ட அப்பேருரையின் வேரில் அமர்ந்திருப்பவர் இப்பெயருடைய ஓர் ஆசிரியரே. அவர் எழுதியதாக நூல் எதுவும் பேசப்படுவதில்லை. மாணவரே அவர் நூல்.

காப்பியத்தில் அச்சணந்தி

இனி, தமிழர் நன்கறிந்த அச்சணந்தியைக் காண்போம். திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் சீவகனுக்கு ஆசிரியராக வருபவர் அவர். துறவுக்கு முன் அவர் உலோகபாலன் என்னும் வித்தியாதர வேந்தர். உலகைக் காப்பவன் என்பது அப்பெயரின் பொருள். அரசைத் துறந்து தவம் மேற்கொண்ட அவரை, முன்செய்த தீவினை யானைத்தீ என்னும் நோயாக வந்து பற்றியது. எவ்வளவு உண்டாலும் எரித்துவிட்டு மேலும் கேட்கும் பெரும்பசி அது. உலகைக் காப்பவன் என்று பெயர் பெற்றவரால் தம் வயிற்றைக் காத்துக்கொள்ள இயலவில்லை. பெயர் வேறு, வினை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அலைந்து வந்த அவர், வணிகர் கந்துக்கடனின் இல்லத்தை அடைந்தார். அங்கே சிறுவனாகிய சீவகன் தன் கையால் தந்த கவளத்தை உண்டதும் அந்நாள் வரை தணியாத பசி தணிந்தது. அந்நன்றியால் அச்சிறுவனுக்குக் கலைகள் அனைத்தையும் கற்பித்தார். இங்கே நாம் கருத வேண்டியது வரிசையை. ஆசிரியர் மாணவனுக்குக் கொடுப்பதற்கு முன்னே, மாணவன் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டான். பல்லாண்டு வகுப்பறையில் நின்றவர் எவரும் இதன் உண்மையை மறுக்கமாட்டார். பசித்த ஆசிரியரின் பசியைத் தீர்ப்பது கற்க வந்த குழந்தையின் முகமே.

சீவகன் என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. சுடுகாட்டில் பிறந்து, தாய் விசயையால் அங்கேயே விடப்பட்ட அக்குழந்தையைக் கந்துக்கடன் எடுத்தபோது அது தும்மிற்று. 'சீவ' என்னும் வாழ்த்தொலி எழுந்தது. வாழ்க என்னும் அச்சொல்லே பெயராயிற்று. வாழ்த்தைப் பெயராகப் பெற்றவன், தன் தந்தை சச்சந்தன் கட்டியங்காரனால் கொல்லப்பட்ட செய்தியை ஆசிரியர் வாயிலாக அறிகின்றான், சினம் மூள்கின்றது. அப்போது அச்சணந்தி அவனிடம் ஓர் உறுதியைப் பெறுகின்றார். ஓராண்டுக் காலம் பகைவன்மேல் சினம் கொள்ளாதே என்பதே அது.

பின்னொரு நாள் கட்டியங்காரனின் வீரர் சூழ்ந்துகொண்டபோது, அவர்களை வெல்லும் ஆற்றல் இருந்தும், ஆசிரியருக்குக் கொடுத்த சொல்லை எண்ணிச் சீவகன் அடங்கி நின்றான். கற்ற கலைகள் யாவும் கையிலிருக்க, கல்லாத ஒன்றை அன்று அவன் கற்றான். தசலட்சண தருமங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமை அதுவே. சிந்தாமணியில் மணங்கள் பல, போர்கள் பல, இசைப்போட்டியும் உண்டு. ஆயினும் அக்காப்பியத்தின் அச்சாணி அந்த ஓராண்டுப் பொறுமை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

கல்லில் அச்சணந்தி

காப்பியத்தை விட்டு மலைக்கு வருவோம். பாண்டிய நாட்டில் 7ஆம் நூற்றாண்டில் எழுந்த பக்திப் பேரலைக்குப் பின்னர், அரசர் ஆதரவு முன்போல் நம் பள்ளிகளுக்கு இல்லாதிருந்த காலம். ஆயினும் 8, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டு மலைகளில் தீர்த்தங்கரர் திருமேனிகள் புதிதாக மலர்ந்தன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் காணப்படும் பெயர்களுள் மிகுதியும் ஒலிப்பது அச்சணந்தி என்பதே.

மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், கருங்காலக்குடி, அரிட்டாபட்டி. தேனி மாவட்டத்து உத்தமபாளையம். பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலை. திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடி. தொண்டை நாட்டு வள்ளிமலை. இவ்விடங்கள் எல்லாவற்றிலும் அப்பெயர் உண்டு. ஐவர்மலையில், இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 870இல், குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் பார்சுவ பட்டாரகர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து 505 காணம் பொன் அளித்த செய்தியும் பாறையில் உள்ளது. வள்ளிமலையிலோ கன்னட மொழியில் அச்சணந்தி பட்டாரர் குறிக்கப்படுகின்றார். மொழி மாறினும் பெயர் மாறவில்லை. சீவகனின் ஆசிரியர், வீரசேனரின் குரு, மலைகளில் திருமேனி செய்வித்தவர் என ஒரே பெயரைப் பலர் ஏற்றனர். எவரும் அதைத் தமக்கே உரியதென்று கருதியிருக்க முடியாது.

கல்லில் உள்ள சொற்களைக் கூர்ந்து நோக்குக. பல இடங்களில் காணப்படுவது 'அச்சணந்தி செயல்' என்பதே. ஊர் இல்லை, குலம் இல்லை, பட்டம் இல்லை, புகழ்மாலை இல்லை. பெயருக்குப் பின்னே ஒரே ஒரு சொல்: செயல். மன்னர்தம் மெய்க்கீர்த்திகள் கல்லை நிரப்பிய நாட்டில், இம்முனிவர் தம் பெயரைச் செயலின் முன்னே ஓர் அடையாக மட்டும் வைத்தார். முதலில் எழுந்த ஐயத்துக்கு விடை இங்கே கிடைக்கின்றது. அங்கே வெட்டப்பட்டிருப்பது பெயரின் பெருமையன்று, செயலின் பொறுப்பு. இதை நான் செய்தேன், இதற்கு நான் விடை சொல்வேன் என்னும் உறுதியே அது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலிலும் இதற்கு ஒப்பானதொரு கல்வெட்டு உண்டு. 9ஆம் நூற்றாண்டில் அறிவர் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர் இளங்கௌதமன். பெயரின் முன்னே அவர் ஏற்ற ஒரே அடைமொழி 'மதுரை ஆசிரியன்' என்பது. ஆசிரியர் என்னும் சொல்லுக்கு அதனினும் மேலான மண்டபம் வேண்டுவதில்லை.

தாயின் திருப்பணி

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை உள்ளது. அதன் சரிவில், சுனைக்கு மேலே, பேச்சிப்பள்ளம் என்னுமிடத்தில் திருமேனிகள் வரிசையாக வீற்றிருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் கீழுள்ள எழுத்தைப் படித்தவர் நெஞ்சம் நெகிழாதிருப்பதில்லை. அது அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.

துறந்த மகனுக்குத் தாய் இல்லை; உறவு என்னும் தளை அறுந்தது. ஆனால் தாய்க்கு மகன் இல்லாமற்போவதில்லை. அவ்வம்மையார் மகனுக்குத் தொட்டிலில் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கும். பாலூட்டும்போதும், விளையாடித் திரும்பும் பிள்ளையை வாசலில் நின்று அழைத்தபோதும் நாவில் ஊறிய பெயர் அது. அப்பெயரை அவர் கல்லில் எழுதுவிக்கவில்லை. சங்கம் தந்த பெயரையே தம் மகனின் பெயராக ஏற்று, அப்பெயரின் தாயாகத் தம்மை எழுதுவித்தார். தாம் இட்ட பெயரைத் தம் கையாலேயே விட்டுக் கொடுத்தார். மகன் துறந்தது உலகை. தாய் துறந்தது மகனின் பெயரை. இவ்விரண்டில் எது அரிது என்பதைத் தாய்மார்களே சொல்லுங்கள்.

அவர் விட்ட பெயர் மறைந்தது. அவர் செய்வித்த திருமேனி ஆயிரம் ஆண்டு கடந்து நிற்கின்றது. அதன் பக்கத்தில் குணமதியார் என்னும் அவர் பெயரும் நிற்கின்றது.

பிறர் பெயராலும் பிறர் காவலிலும்

அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் உள்ள மகாவீரர் திருமேனியின் கல்வெட்டு இன்னும் இரண்டு பாடங்களைத் தருகின்றது. அத்திருமேனி, திருப்பிணையன்மலைப் பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் அச்சணந்தி செய்வித்தது. பாதிரிக்குடியார் அதற்குக் காவல். உழைப்பு முனிவருடையது, பெயர் கணக்கெழுதும் கரணத்தாருடையது, காவல் ஊர் மக்களுடையது. புண்ணியத்தை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் மூவருக்குப் பங்கிட்டார் அச்சணந்தி.

அக்காவல் இன்றும் தொடர்கின்றது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டாரத்து ஊர் மக்கள் திரண்டெழுந்தனர். சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. மலையைக் காக்க எழுந்தவருள் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தார் அல்லர். தம் குன்றையும் குளத்தையும் வயலையும் காக்க எழுந்த உழவர் பெருமக்கள் அவர்கள். ஆயினும் அச்சணந்தி ஒப்படைத்த காவலை அவர்களே நிறைவேற்றினர். சமணர்மலை அடிவாரத்தில் அய்யனாரும், உத்தமபாளையத்துப் பாறையருகே கருப்பண்ணசாமியும் கோயில் கொண்டதனால் அவ்விடங்கள் மக்கள் மனத்தில் புனிதம் கெடாமல் நின்றன. அவ்வூரார்க்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்.

கடற்கரையில் ஒரு பாடம்

பணி நிமித்தம் வந்து, ஓய்வுக்குப் பின்னும் நாம் வாழ்ந்துவரும் ஜெகதாப்பட்டினம் மீனவர் ஊர். ஜினாலயம் தொழ வேண்டுமெனில் மன்னார்குடி மல்லிநாதர் திருக்கோயிலுக்கோ தஞ்சை ஆதீஸ்வரர் திருக்கோயிலுக்கோ செல்ல வேண்டும். இவ்வூர்ப் படகுகளுக்குப் பெயர் உண்டு. தாயின் பெயர், மகளின் பெயர், அவரவர் வணங்கும் தெய்வத்தின் பெயர். உப்புக்காற்று அப்பெயர்களை அரித்துவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுது நீக்கி, வண்ணம் பூசி, பெயரைப் புதிதாக எழுதுவர். கடல்வாழ் உயிர்கள் இனம் பெருகுவதற்கென விடப்படும் அந்நாள்களை ஓர் அபயதானக் காலமாகவே நாம் கருதி மகிழ்வதுண்டு.

பெயர் ஒருமுறை எழுதினால் நிற்பதன்று, ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது இக்கரை கற்பிக்கும் பாடம். படகின் பெயரை வண்ணம் புதுப்பிக்கும். மனிதன் பெயரை எது புதுப்பிக்கும்? அச்சணந்தி கல்லில் சொன்ன அதே சொல்தான்: செயல்.

நால்வகை நிக்ஷேபம்

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு பொருளை அறியும் முறை நான்கு என வகுத்தார்: நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம். குணம் இருப்பினும் இல்லாவிடினும் வழக்குக்காக இடப்படுவது நாமம். திருமேனியில் இன்னார் என்று நிலைநிறுத்துவது ஸ்தாபனை. பின்னர் அந்நிலை எய்தற்குரிய தகுதியைக் கருதுவது திரவியம். இப்போதே அக்குணத்தில் நிற்பது பாவம்.

குழந்தைக்கு வர்த்தமானன் என்றோ சந்தனா என்றோ பெயரிடும்போது நாம் தருவது நாமம் மட்டுமே. ஆயினும் அக்குழந்தையுள் திரவியம் உறங்குகின்றது. அதைப் பாவமாக மலர்விப்பது பெற்றோரின் ஒழுக்கமும் பிள்ளையின் முயற்சியும். நன்னூல் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை சொல்லும். நல்ல பெற்றோருக்கும் அவை பொருந்தும்.

ஆகவே, அன்புடையீர், நான்கு விண்ணப்பங்களை உங்கள்முன் வைக்கின்றோம்.

பிள்ளைக்குப் பெயரிடும் நாளில், அப்பெயரை முன்பு தாங்கிய பெரியோர் ஒருவரின் வரலாற்றையும் சேர்த்து இடுங்கள். எவரும் வைத்திராத பெயரைத் தேடுவதைவிட, நல்லோர் பலர் தாங்கிய பெயரைத் தேடுவது சிறப்பு.

ஆலயத் திருப்பணிக்குப் பொருளளித்துப் பளிங்கில் பெயர் பொறிக்கும் வேளையில், அரிட்டாபட்டிக் கல்வெட்டை நினையுங்கள். வசதியற்ற ஓர் உறவினரின் பெயரால், அல்லது ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் ஓர் ஏழையின் பெயரால் ஒருமுறையேனும் கொடுத்துப் பாருங்கள்.

மலைகளைத் தரிசிக்கச் செல்லும்போது பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பாறையில் தம் பெயரைக் கிறுக்கும் கைகளைத் தடுங்கள். அம்மலையைக் காத்துவரும் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு கைகூப்பி நன்றி சொல்லுங்கள்.

இறுதியாக, வரும் தசலட்சண பருவத்தில், பாகப்பிரிவினையாலோ ஒரு கடுஞ்சொல்லாலோ பேச்சற்றுப்போன உறவு உங்கள் இல்லத்தில் இருப்பின், அச்சணந்தி தம் மாணவனிடம் கேட்டதை உங்களிடம் கேட்பதாக எண்ணி, ஓராண்டு சினத்தை ஒத்திவையுங்கள். ஓராண்டு பொறுத்தவனுக்கு மறு ஆண்டு மன்னிப்பது எளிதாகும். அந்நாளில் நீங்கள் தாங்கும் பெயர் எதுவாயினும் அதன் பின்னே 'செயல்' என்னும் சொல் தானே வந்து நிற்கும்.

குணமதியார் ஈன்ற திருமகனைப் போற்றுவோம். அவரை ஈந்த அன்னையைப் போற்றுவோம்.

வளர்க ஜினதர்மம்! வாழ்க எவ்வுயிரும்!